பித்தக்கல் வலியும் அபின் மருந்தும்

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தமிழர்களாகிய நாம் தூரத்தை நாள் கணக்கில் அளந்தே பழகியவர்கள். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் தீவுகளின் தலைநகரை அடைய ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். போர்ட் பிளேர் என நெடுங்காலம் வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்நகரிலிருந்து, தெற்கே பெரிய நிக்கோபாரின் காம்பெல் விரிகுடாவுக்குச் செல்ல ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடலைக் கடக்க வேண்டும். இத்தகைய தீவொன்றில் ஒருவருக்கு நள்ளிரவில் பித்தக்கல் வலி எழுகிறது என வைத்துக்கொள்வோம். கல்லை அகற்ற வல்ல அறுவை மருத்துவரிடம் அவர் போய்ச் சேரப் பல மணி நேரம் ஆகலாம். கடல் கொந்தளித்தால் நாட்களும் ஆகலாம். அந்த இடைவேளையில் அவர் படும் வலிக்குச் செய்யத்தக்கது யாது? இக்கேள்விக்கு மருத்துவ உலகம் இரண்டு நூற்றாண்டுகளாகக் கூறிவந்த விடைகளையும், அவ்விடைகள் மாறிவந்த வரலாற்றையும் இவ்வுரையில் காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். கல்லீரல் சுரக்கும் பித்தநீரைத் தேக்கி வைப்பது, அதன் அடியில் தொங்கும் பித்தப்பை. கொழுப்புள்ள உணவு குடலுக்குள் வந்ததும் பித்தப்பை சுருங்கி, நாளத்தின் வழியே பித்தநீரை முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. பித்தநீரிலுள்ள கொலஸ்டிரால் மிகுந்து படிந்தாலும், அதன் நிறமிப்பொருள் மிகுந்து படிந்தாலும் கல் உண்டாகிறது. கல் உள்ளோரில் மிகப் பலர் வாழ்நாள் முழுதும் அதை அறியாமலே இருந்துவிடுவர். ஆனால் பித்தப்பை சுருங்கும் நேரத்தில் கல் வாயில் வந்து அடைத்துக்கொண்டால், வலது மேல்வயிற்றில் வலி எழும்பி, முதுகுக்கும் வலத் தோளுக்கும் பரவும். அரை மணி முதல் பல மணி நேரம் வரை அது நீடிக்கும். பிள்ளைப்பேற்று வலியோடு இதனை ஒப்பிட்டுச் சொல்லும் தாய்மார்கள் உண்டு.

பிற மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழன்பர்கள் இங்கே ஒரு செய்தியை நினைவிற்கொள்ளலாம். இரயில்வே மருத்துவராயிருந்த மல்கோத்ரா, இரயில்வே ஊழியர்களிடையே இந்நோய் பரவியிருந்த முறையை ஆராய்ந்து 1968இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னாட்டாரைவிட வடநாட்டாரிடையே பித்தக்கல் நோய் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி என்பது அவர் கண்ட முடிவு. வடக்கே கொலஸ்டிரால் கற்களும், தெற்கே நிறமிக் கற்களும் கூடுதல் என்று பின்வந்த ஆய்வாளர் பலர் கூறினர். எனவே, ஊர் மாறி உணவும் மாறிய நம்மவர்க்கு இந்நோய் அயலார் நோய் எனத் தள்ளிவைக்கத்தக்கதன்று.

வலியைத் தணிக்க மனிதன் கண்ட பழைய மருந்துகளுள் தலையாயது அபின். நம் வீட்டுச் சமையலறையில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா, அபின் செடியின் விதையே. அச்செடியின் முற்றாத காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகிறது. சாறு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லே அரபு மொழியில் அஃப்யூன் ஆயிற்று. அது நம் நாட்டுக்கு வந்து அபின் என நிலைத்தது. வடமொழியாளர் அதனை அஹிபேனம் என்றனர். பாம்பின் நுரை என்பது அச்சொல்லின் பொருள். மருந்தாகவும் நஞ்சாகவும் நிற்கும் அதன் இருநிலையை அப்பெயர் காட்டுகிறது. 1805ஆம் ஆண்டை ஒட்டி ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து அதன் உயிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தார். 1817இல் அதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். கனவுத் தெய்வமான மார்ஃபியஸின் பெயரால் அது மார்ஃபின் எனப்பட்டது. அளவு தெரிந்து கொடுக்கத்தக்க வலிநீக்கி ஒன்று அன்றுதான் மருத்துவர் கைக்கு வந்தது.

அக்காலத்தில் நம் தீவுகளின் நிலை எவ்வாறு இருந்தது? சோழநாட்டுக் கடற்கரையில் உள்ள தரங்கம்பாடியைத் தலைமையிடமாகக் கொண்ட டேனியர்கள் 1756இல் நிக்கோபாரைத் தமதென அறிவித்தனர். 1768இல் மொராவிய சபைத் தொண்டர்கள் நன்கௌரியில் குடியேறினர். நோயும் சாவும் தொடர, 1787இல் அதனைக் கைவிட்டனர். ஆங்கிலேயர் சார்பில் ஆர்ச்சிபால்டு பிளேர் 1789இல் அமைத்த முதற் குடியேற்றமும், வடக்கே இடம் மாறிய பின்னர், நோயின் கொடுமையால் 1796இல் கலைக்கப்பட்டது. பின்னர் 1858 மார்ச்சு 10ஆம் நாள் இருநூறு கைதிகளோடு வந்திறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கிய ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் தொழிலால் மருத்துவர். கைதிகளை ஆண்ட கண்காணிப்பாளராகவே அவர் நினைக்கப்படுகிறார். இத்தீவுகளின் பழைய வரலாற்றை எழுதுவோர் கப்பல்களின் வருகையையும் இறந்தோர் தொகையையும் தவறாமல் குறித்தனர். இறந்தவர்கள் எவ்வளவு வலிப்பட்டு இறந்தனர் என்பதைக் குறிக்கும் வழக்கம் அன்று இல்லை.

அதே காலத்தில் கங்கைக்கரையிலோ அபின் பெருந்தொழிலாக நடந்தது. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி 1773 முதல் வங்காளத்து அபினைத் தன் தனியுரிமை ஆக்கிக்கொண்டது. 1820இல் காசிப்பூரில் ஆலை அமைத்தது. அங்கிருந்து போன பெட்டிகள் சீன மக்களை அடிமைப்படுத்தின. இரு போர்களுக்கும் காரணமாயின. வலிநீக்கும் பொருளொன்று அரசின் கருவூலத்தை நிரப்பும் பண்டமாக மாறிய கதை அது. பின்னாளில் அபின் என்றதும் மக்கள் மனத்தில் முதலில் எழுந்த உணர்ச்சி அச்சமாக இருந்ததற்கு இக்கதையும் ஒரு காரணம்.

ஐரோப்பாவில் 1853இல் எடின்பரோ மருத்துவர் அலெக்சாண்டர் உட், தோலின்கீழ் ஊசிவழி மருந்து செலுத்தும் முறையைப் பரப்பினார். வாயால் உண்டால்தான் அபின் பழக்கம் பற்றும், ஊசியால் செலுத்தினால் பற்றாது என்று அக்காலத்தார் பலர் நம்பினர். அந்நம்பிக்கை பொய்த்தது. அதன் சான்று பித்தக்கல் வரலாற்றிலேயே கிடைக்கிறது. 1882 ஜூலையில் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் கார்ல் லாங்கன்புக் உலகில் முதன்முதலாக ஒரு மனிதரின் பித்தப்பையைக் கல்லோடு அகற்றினார். நாற்பத்து மூன்று வயதான அந்நோயாளி பதினாறு ஆண்டுகளாகப் பித்தக்கல் வலியால் துன்புற்று, மார்ஃபின் பழக்கத்துக்கும் ஆளாகியிருந்தார். அறுவைக்குப் பின் அவர் நலமுற்று வீடு திரும்பினார். வலியின் மூலத்தை அகற்றும் வழியில்லாத காலத்தில் மருந்தை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்ததன் விளைவை இந்நிகழ்ச்சி காட்டிற்று. மூலத்தை அகற்றும் வழி இனி உண்டு என்பதையும் காட்டிற்று.

இதற்குப் பின்னும் நோயாளிக்கும் மருந்துக்கும் இடையே மூன்று அச்சங்கள் குறுக்கே நின்றன. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, வலியைத் தணித்தால் நோய் மறைந்துகொள்ளும் என்ற அச்சம். லண்டன் அறுவை மருத்துவர் சக்கரி கோப் 1921இல், கடும் வயிற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது பற்றி ஒரு நூல் எழுதினார். நோய் இன்னதென முடிவு செய்யுமுன் மார்ஃபின் கொடுக்கலாகாது என்பது அதன் எச்சரிக்கை. கையையும் காதையும் மட்டுமே நம்பி நோயைக் கண்டறிந்த அந்நாளில், பேரளவு மார்ஃபின் தந்து நோயாளியை உறங்க வைத்துவிட்டால் உண்மையிலேயே ஆபத்து நேரக்கூடும். ஆகவே அவர் கூற்றில் நியாயம் இருந்தது. ஆனால் அக்கூற்று தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு ஓதப்பட்டு, காரணம் மறந்த விதியாகிவிட்டது. இரத்தச் சோதனையும், ஒலியலைப் படமும் வந்த பின்னரும் நோயாளிகள் மருத்துவரின் வருகையை எதிர்நோக்கி வலியோடு காத்துக்கிடந்தனர். 1980களுக்குப் பின் பல நாடுகளில் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அபின்வழி மருந்தும் மறு பிரிவுக்கு வெறும் நீரும் கொடுத்து ஆராய்ந்தனர். அவ்வாய்வுகளைத் திரட்டி 2007இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பு, இம்மருந்து நோயறிதலில் பிழையை மிகுவிப்பதாகத் தெரியவில்லை என்றும், நோயாளியின் துன்பத்தைக் குறைக்கிறது என்றும் கூறிற்று.

இரண்டாவது அச்சம் பித்தக்கல்லுக்கே உரியது. பித்தநாளம் குடலில் திறக்கும் வாயிலில் ஒரு சிறு சுருக்குத்தசை உண்டு. அதனை 1887இல் விரிவாக ஆராய்ந்தவர் ருஜ்ஜேரோ ஓடி என்னும் இத்தாலிய இளைஞர்; அப்போது அவர் மருத்துவ மாணவர். அத்தசை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. 1936இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவர்கள், பித்தநாள அறுவை செய்துகொண்டவர்களின் நாளத்தில் இட்டிருந்த குழாய் வழியாக உள்ளழுத்தத்தை அளந்தனர். மார்ஃபின் செலுத்தியதும் சுருக்குத்தசை இறுகி, நாளத்தின் அழுத்தம் உயர்வதைக் கண்டனர். வலியைத் தணிக்க வேண்டிய மருந்தே வாயிலை அடைத்து வலியைக் கூட்டுமோ என்ற ஐயம் இவ்வாறு எழுந்தது.

இந்த ஐயத்துக்கு மாற்றாக வந்தது பெத்திடின். 1930களின் இறுதியில் ஜெர்மனியில் தசைப்பிடிப்பை நீக்கும் மருந்தொன்றைத் தேடியவர்கள் தற்செயலாகக் கண்ட வலிநீக்கி அது. தசைப்பிடிப்பு நீக்கியாகத் தேடப்பட்டமையால், அது ஓடியின் தசையை இறுக்காது என்று எளிதில் நம்பப்பட்டது. பித்தக்கல் வலிக்கு மார்ஃபின் ஆகாது, பெத்திடினே ஏற்றது என்னும் விதி பாடநூல்களில் ஏறிற்று. நம் நாட்டிலும் மருத்துவ மாணவர்கள் பல்லாண்டுகளாக இவ்விதியை மனப்பாடம் செய்தனர்.

2001இல் இவ்விதியின் அடிப்படையை ஒருவர் மீண்டும் துருவிப் பார்த்தார். அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, அபின்வழி மருந்துகள் அனைத்துமே சுருக்குத்தசையின் அழுத்தத்தைக் கூட்டுகின்றன என்பது தெரிந்தது. பெத்திடினும் அதற்கு விலக்கன்று. மார்ஃபின் கொடுத்தமையால் நோயாளியின் நிலை சீர்கெட்டது என்றோ, பெத்திடின் கொடுத்தமையால் மேம்பட்டது என்றோ காட்டும் ஒப்பாய்வு எதுவும் கிடைக்கவில்லை. குழாயில் அளந்த அழுத்தம் வேறு, கட்டிலில் கிடப்பவர் உணரும் வலி வேறு என்பதை மருத்துவர்கள் பிரித்துணர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெத்திடினுக்கோ தனிக் குறையொன்று இருந்தது. அதன் வேலை விரைவில் தீரும். திரும்பத் திரும்பக் கொடுத்தால், அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் தேங்கி வலிப்பை வருவிக்கும். சிறுநீரகம் தளர்ந்தோர்க்கு இவ்வாபத்து மிகுதி.

அதற்காக மார்ஃபினே முதல் மருந்து என்று கொள்ளலாகாது. டைக்ளோஃபினாக் போன்ற அழற்சி நீக்கிகளே பித்தக்கல் வலிக்கு முதலில் கொடுக்கத்தக்கவை என்பது இன்றைய மருத்துவர் கொள்கை. குடற்புண்ணோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்க்கு அவை ஏலாமற் போகலாம். சிலருக்கு அவற்றால் வலி அடங்காமலும் போகலாம். அந்நிலையில் அபின்வழி மருந்தை அளவறிந்து கொடுப்பதற்குப் பழைய விதி இனித் தடையன்று. அளவு மிகுந்தால் மார்ஃபின் மூச்சை ஒடுக்கும். எனவே அது மருத்துவர் கண்காணிப்பில், மூச்சையும் விழிப்பையும் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. மூச்சு ஒடுங்கினால் மீட்பதற்கு நலோக்சோன் என்னும் மாற்று மருந்தும் கையிருப்பில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது அச்சம் அடிமைப்பழக்கம் பற்றியது. அது மெய்யான அச்சமே. அதன் பொருட்டே சட்டங்கள் எழுந்தன. 1857, 1878 ஆகிய ஆண்டுகளின் அபின் சட்டங்கள், 1930ஆம் ஆண்டின் அபாயகர மருந்துகள் சட்டம் ஆகியவற்றுக்குப் பின், 1985இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. கள்ள வாணிகத்தை ஒடுக்கவே அது இயற்றப்பட்டது. ஆயினும் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கிவைக்க வேண்டுமானால் பல துறைகளிடம் பல உரிமங்கள் பெற வேண்டியதாயிற்று. ஓர் உரிமம் கைக்கு வருமுன் மற்றோர் உரிமத்தின் காலம் தீர்ந்துவிடும். மருத்துவமனைகள் மார்ஃபின் வைத்திருப்பதையே கைவிட்டன. 1985க்குப் பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமத்தோடு அபின் பயிரிட்டு, காசிப்பூரிலும் நீமச்சிலும் பதப்படுத்தி, அயல்நாட்டு நோயாளிகளுக்கு ஏற்றுமதி செய்த நாட்டிலேயே, நம் நோயாளிகள் அம்மருந்தின்றி வாடினர்.

இந்நிலையை மாற்ற முன்னின்றது நம் அண்டை மாநிலமான கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் வலிநீக்கத்துக்கும் பேணலுக்குமான ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. முறையான கண்காணிப்போடு மார்ஃபின் கொடுத்தால் மருந்து வெளியே கசிவதில்லை, நோயாளிகளும் நிம்மதி பெறுகின்றனர் என்று அது செய்து காட்டிற்று. அத்தகைய தொண்டர்களின் இடையறாத முயற்சியால் 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. இன்றியமையாப் போதை மருந்துகள் என்னும் புதிய வகை உண்டாக்கப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அதில் சேர்க்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் அவற்றை வாங்கிவைக்கப் பல உரிமங்கள் தேவை இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. அவ்விதி நம் தீவுகளுக்கும் உரியது.

இனி நம் தீவுகளுக்கே மீள்வோம். 1942 மார்ச்சு முதல் 1945 அக்டோபர் வரை ஜப்பானியர் பிடியில் இத்தீவுகள் இருந்தபோது கடல்வழி அடைபட்டது, உணவே அருகிற்று, மருந்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது தென்தீவுகளின் துறைகள் சிதைந்து, உதவி போய்ச் சேரவே வழியின்றிப் போயிற்று. ஒரு தீவுக்கு வரும் கப்பல் நின்றால், அங்கே இருப்பில் உள்ளதே மருந்து. இவ்விரு நிகழ்ச்சிகளும் நமக்குத் தந்த பாடம் அது.

இன்று நிலைமை பெரிதும் சீர்பட்டுள்ளது. தலைநகரிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையோடு இணைந்து 2015 முதல் மருத்துவக் கல்லூரியும் நடைபெறுகிறது. வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகள் வழியே பித்தப்பையை அகற்றும் முறையை 1985இல் ஜெர்மானியர் எரிக் மியூவே தொடங்கினார். 1990இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் தெஹம்டன் உத்வாடியா அதனை இந்தியாவுக்குக் கொணர்ந்தார். பதினாறு ஆண்டு வலிக்குப் பின் பெர்லின் நோயாளி பெற்ற விடுதலையை இன்று ஓரிரு நாள் மருத்துவமனை வாசத்தில் பெறலாம். ஆயினும் கட்சாலிலும் கமோர்த்தாவிலும் காம்பெல் விரிகுடாவிலும் வாழ்பவர்க்குக் கடல் குறுகிவிடவில்லை. 1970களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கட்சாலின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அவர்களுள் அடங்குவர். கப்பலோ ஹெலிகாப்டரோ வரும் வரையில் வலியோடு இருக்க வேண்டியவர் நோயாளியே.

ஆகவே இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியவை சில உண்டு. மேல்வயிற்று வலியோடு காய்ச்சலும் நடுக்கமும் இருந்தாலோ, கண்ணும் சிறுநீரும் மஞ்சளித்தாலோ அது பொறுத்திருக்கத்தக்க வலியன்று. அன்றே மருத்துவமனையை நாட வேண்டும். கல் இருப்பது தெரிந்து, வலியும் ஒருமுறை வந்துவிட்டால், அடுத்த வலிக்குக் காத்திராமல் அறுவை பற்றி மருத்துவரிடம் கலந்துகொள்வது நன்று. மழைக்காலத்துக் கடலை நம்பி நாளைக் கடத்துவது தீவுவாசிக்குத் தகாது. வலிமருந்தைக் கடையில் தாமே வாங்கி உண்பதும், பிறர்க்கு எழுதிக்கொடுத்ததை உண்பதும் கூடா. மருத்துவமனையில் வலியால் துடிக்கும்போது வலிநீக்கம் கேட்பதில் வெட்கமோ தயக்கமோ வேண்டா. நோய் மறைந்துவிடும் என்பதும், மருந்தே வலியைக் கூட்டும் என்பதும், ஓரிரு முறை கொண்டால் அடிமையாவோம் என்பதும் மருந்தை மறுக்கப் போதிய காரணங்கள் அல்ல.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தவர் வள்ளுவர். தீவுகளில் வாழும் நமக்கு மருத்துவன் சில வேளை கடலுக்கு அப்பால் இருக்கிறான். எஞ்சிய மூன்றும் இக்கரையிலேயே இருக்க வேண்டியவை. எட்டாத் தீவின் சிறு மருத்துவ நிலையத்திலும் வலிக்கு உரிய மருந்து முறைப்படி இருப்பில் இருத்தலும், அதை அளவறிந்து கொடுக்கப் பயின்ற ஒருவர் அங்கே இருத்தலும் நாம் கேட்டுப் பெற வேண்டியவை. அவற்றுக்குத் தடையாயிருந்த சட்டம் 2014இலேயே தளர்ந்துவிட்டது. மருந்து இருப்பில் உள்ளதா என்று அந்தந்தத் தீவில் வாழ்வோர் கேட்டுத் தெரிந்துகொள்வதே அடுத்த வேலை.